தனியாகத் தூண்டில் போடுபவரின் கேமரா: எந்தக் கோளாறுக்கு என்ன பார்ப்பது

காட்டு விலங்கையும் பறவையையும் வேட்டையாட 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. வட ஆற்காட்டில் நமக்கு மிஞ்சியிருக்கும் வேட்டை தூண்டில்தான். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையிலோ, மோர்தானா அணையின் ஓரத்திலோ, சொந்த ஊர் ஏரியின் மதகடியிலோ விடியலில் தனியாக உட்கார்ந்து விராலுக்குக் காத்திருப்பவர்கள் இப்போது அதைப் படமாகவும் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான். சில ஆண்டுகளாக நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கேமராவைப் பையோடு கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார்கள். "அண்ணா, மீன் சிக்கினது மட்டும் வரவில்லை" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. ஒரே பத்துக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

தனியாகப் படமெடுப்பவருக்குக் கேமராவின் பின்னால் ஆள் கிடையாது. பதிவு நின்றுபோனால் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே கருவி வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி படம் எவ்வளவு துல்லியம் என்பதன்று. ஈரக் கையோடு, பத்தடி தள்ளி நின்று, திரையைப் பார்க்காமலே அது ஓடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியுமா? இதற்கு ஆம் என்ற பதில் வராத கேமரா எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஏரிக்கரைக்கு ஆகாது. கீழே சொல்லும் பல கோளாறுகளுக்கு வேர் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகை எடுத்தவர் இருப்பார். அணை என்றால் மீன்வளத் துறை இருக்கிறது. உரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் தூண்டிலையும் கேமரா நிறுத்தும் முக்காலியையும் இறக்க வேண்டும். அனுமதி இல்லாத வேட்டையின் படம் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே நிற்கும்.

மீன் சிக்கிய நொடி மட்டும் பதிவாகவில்லை

அதிகம் வரும் புகார் இது. இதில் கேமரா பழுதாக இருந்தது மிக அரிது.

முதலில், பொத்தான் இரண்டு முறை அழுந்தியதா என்று பாருங்கள். மண்புழு கோத்த விரலால் அழுத்துகிறோம். பதிந்ததா என்ற ஐயத்தில் மறுபடி அழுத்துகிறோம். தொடங்கிய பதிவு நின்றுவிடுகிறது. படம் பதிவாகும் மெமரி அட்டையில் இரண்டு மூன்று வினாடி நீளமுள்ள குட்டிக் கோப்புகள் கிடந்தால் காரணம் இதுதான். காவேரிப்பாக்கத்தில் ஒருநாள் கரையில் மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லையே" என்றார். அதற்குள் ஒன்றரை மணி நேரம் வீணாகியிருந்தது. அன்றிலிருந்து கேமராவின் 'பீப்' ஒலியை உச்சத்தில் வைத்திருக்கிறேன். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டையும் எரிய வைத்திருக்கிறேன். மீன் ஒலிக்குப் பயப்படும் என்று பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். காற்றில் எழும் சிறு ஒலியில் மிகச் சொற்பமே நீருக்குள் இறங்கும். கரையில் நாம் தொப்பென்று வைக்கும் காலடிதான் மீனை விரட்டுகிறது.

பொத்தான் சரியாக அழுந்தியிருந்தால், பேட்டரியை மிச்சப்படுத்த நீங்களே நிறுத்தி நிறுத்தி எடுத்தீர்களா என்று யோசியுங்கள். தக்கை ஆடியதும் கேமராவை நோக்கிக் கை நீட்டினால் மீனும் போகும், படமும் போகும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிடுவது. இதற்கு ஆகும் இடம் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. வினாடிக்கு 30 மெகாபிட் வேகத்தில் 1080பி (ஃபுல் எச்டி) படம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13.5 ஜிபி. 64 ஜிபி அட்டை நான்கரை மணி நேரத்துக்குத் தாங்கும். 100 மெகாபிட்டில் அதைவிடத் துல்லியமான 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. அப்போது 128 ஜிபி அட்டைகூட மூன்று மணி நேரத்தை எட்டாது. இரண்டாவது வழி, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய வினாடிகளையும் சேர்த்துக் காப்பாற்றும் வசதி. கோப்ரோ நிறுவனத்தின் சிறிய கேமராக்களில் இதற்கு ஹைண்ட்சைட் என்று பெயர். முந்தைய 15 அல்லது 30 வினாடிகளைப் பிடித்து வைக்கும். பிற நிறுவனங்களின் ஆக்‌ஷன் கேமராக்கள் சிலவற்றிலும் இதைப் போன்றது உண்டு. புதிதாக வாங்குபவர் 4கேயா 5கேயா என்று வாதாடுவதை விட்டுவிட்டு இந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது நல்லது. ஆனால் இது இயங்கும்போது பேட்டரி தொடர்ந்து செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதிவு ஓடியிருக்கிறது, ஆனால் நீங்கள் படச் சட்டத்துக்கு (ஃபிரேம்) வெளியே நிற்கிறீர்கள் என்றால், அது இடம் பார்த்ததில் நேர்ந்த பிழை. விரால் சிக்கினால் யாரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சீமைக்கருவேலம் இருக்கும் பக்கத்துக்கு மீன் ஓடினால் நாமும் எதிர்ப்பக்கம் நான்கு எட்டு நகர்கிறோம். முக்காலியில் இருக்கும் கேமராவை, நீங்கள் இருபுறமும் நான்கு எட்டு நகர்ந்தாலும் உள்ளே இருக்கும்படி அகலமாக வையுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பதற்காகவே முக்காலிக் கேமராவில் மட்டும் 4கே வைப்பது பயனுள்ளது.

வெயிலில் பாதியில் அணைந்துவிடுகிறது

மார்ச் முதல் ஜூன் வரை என் வீட்டுக்கு வரும் கேமராக்களில் பாதி இந்தப் புகாரோடுதான் வருகின்றன. வேலூரின் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லென்ஸ் மாற்றும் வகையான மிரர்லெஸ் கேமராக்களின் கையேட்டைப் புரட்டினால் 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்று அச்சிட்டிருக்கும். ஐபோனுக்கு அந்த எல்லை 35 டிகிரி. அதுவும் காற்றின் வெப்பம்; கறுப்பு உடலோடு வெயிலில் நிற்கும் கருவி அதற்கு மேலும் கொதிக்கும். ஆகவே மே மாதப் பதினோரு மணிக்குக் கேமரா அணைந்தால் அது தன்னைக் காத்துக்கொள்கிறது என்றே பொருள்.

செலவில்லாத வழி நிழல்தான். முக்காலியின் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். லென்ஸை மறைக்காமல், காற்று புகும்படி தளர்வாக இருக்கட்டும். பழைய குடையின் கம்பியை முக்காலிக் காலோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்லது. ஈரத்துணியை மட்டும் சுற்றாதீர்கள். ஈரம் பேட்டரிக் கதவு வழியாக உள்ளே போய்விடும்.

அடுத்து, நீர்புகாத பெட்டியைக் கழற்றுங்கள். கரையில் முக்காலி மேல் நிற்கும் கேமராவுக்கு அந்தப் பெட்டி எதற்கு? உள்ளே உண்டாகும் சூட்டை அது வெளியே விடாது.

இதற்குப் பிறகும் அணைந்தால் அமைப்புகளுக்குப் போங்கள். வினாடிக்கு 60 சட்டங்களில் (ஃபிரேம்களில்) 4கே எடுப்பவர் 30 சட்டங்களுக்கும் 1080பிக்கும் இறங்க வேண்டும். வைஃபை, ஜிபிஎஸ் இரண்டையும் அணையுங்கள். திரை ஒரு நிமிடத்தில் தானாக அணையட்டும். பவர் பேங்கில் இருந்து மின்னேற்றியபடியே எடுப்பதும் சூட்டைக் கூட்டும்; இயன்றால் இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அப்படியும் அணைந்தால் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாலையில், மின்விசிறியின் கீழே, 1080பியில், பெட்டி இல்லாமல், ஏற்றிய பேட்டரியுடன் ஓடவிடுங்கள். அரை மணி நேரம் அணையாமல் ஓடினால் கேமரா நலமாக இருக்கிறது. ஏரிக்கரை வெயில்தான் பிரச்சினை. பத்து நிமிடத்துக்குள் வீட்டிலும் அணைந்தால் வேறொரு பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதேதான் என்றால் உள்ளே வெப்பத்தைக் கடத்தும் பகுதி கெட்டிருக்கலாம். திறந்து பார்க்க முயலாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். கேமராவின் பேட்டரிக் குழியில் இறுகி வெளியே வர மறுப்பதுதான் முதல் அடையாளம். மேசை மேல் வைத்துச் சுண்டினால் பம்பரம்போல் சுற்றும். அதை அழுத்தி உள்ளே தள்ளுவதோ, ஊசியால் குத்துவதோ, இன்னொரு முறை மின்னேற்றுவதோ தீயில் முடியலாம். மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போடக்கூடாது.

வெயிலே இல்லாமல் சரியாக அரை மணியில் நின்றதா? பழைய மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் ஒரு காட்சி 29 நிமிடம் 59 வினாடிக்கு மேல் போகாது. அது பழுது அன்று. தயாரிக்கும்போதே வைத்த வரம்பு. தனியாகப் போகும் வேட்டைக்குப் பழைய கேமரா வாங்குகிறவர்கள் இதை முதலில் கேட்டுவிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பொத்தான் அழுத்த வேண்டியிருந்தால் தக்கையை யார் பார்ப்பது?

அட்டைப் பிழை என்று திரையில் வருகிறது, அல்லது கோப்பு திறக்கவில்லை

கோப்பு திறக்கவில்லை என்றால் முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள்: அந்த அட்டையில் இன்னொரு காட்சி எடுக்காதீர்கள். பதிவின் நடுவே பேட்டரி தீர்ந்தால் கோப்பின் முடிவுரை எழுதப்படாமல் நின்றுவிடும். அதே அட்டையை அதே கேமராவில் போட்டு, ஏற்றிய பேட்டரியுடன் இயக்குங்கள். பல கேமராக்கள் தாமாகவே கண்டுபிடித்துப் பழுதுநீக்கட்டுமா என்று கேட்கும். என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை இந்த ஒரு செயலிலேயே மீண்டன. மீளவில்லை என்றால், திரும்ப எடுக்க முடியாத படம் என்றால், தரவு மீட்பவரிடம் போங்கள். நீங்களே நாலு மென்பொருள்களை அட்டை மேல் ஓட்டிவிட்டுப் போனால் அவருடைய வேலை கடினமாகும்.

அட்டைப் பிழை மட்டும் வருகிறதா? தங்க நிறத் தொடுமுனைகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிறகு படங்களைக் கணினியில் நகலெடுத்துவிட்டுக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் செய்வது போதாது. அடுத்த ஐயம் அட்டையின் வேகம். உறையில் வி30 என்றோ யு3 என்றோ இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்; 100 மெகாபிட் படத்துக்கு வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் போதும் என்பதால் அதுவே தாராளம். 'கிளாஸ் 10' என்று மட்டும் போட்டிருக்கும் அட்டைக்கு உறுதி 10 மெகாபைட்தான்; 4கேயில் அது திணறும்.

வேகம் சரி, பிழை மட்டும் தொடர்கிறது என்றால் அட்டை போலியாக இருக்கலாம். 128 என்று அச்சிட்டு உள்ளே 16 மட்டுமே இருக்கும் அட்டைகளைக் கையிலேயே பார்த்திருக்கிறேன். முழுக் கொள்ளளவையும் எழுதி மீண்டும் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. புதிய அட்டை எதையும் இந்தச் சோதனை முடியாமல் ஏரிக்குக் கொண்டுபோவதில்லை. ஓர் இரவு முழுக்க ஓடினாலும் பொறுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீண்ட காட்சி பல துண்டுகளாக வந்திருந்தால் கவலை வேண்டாம். 32 ஜிபி வரையிலான அட்டைகளில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமரா தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். வரிசையாக ஒட்டினால் இடைவெளி தெரியாது.

பேச்சு கேட்கவில்லை, காற்று மட்டும் இரைகிறது

ஆடிக் காற்றில் திறந்த ஏரிக்கரையில் நின்று பேசியவர் யாரும் இந்தத் தலைப்புக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். படம் சற்று மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கெட்டால் உடனே எழுந்துபோய்விடுவார்கள். ஆகவே கேமராவுக்கு முன்னால் ஒலிவாங்கிக்குச் செலவழியுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

இரைச்சல் எப்போதும் இருக்கிறதா, திரும்பும்போது மட்டும் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டினாலே பாதி இரைச்சல் அடங்கிவிடும். ஒலிவாங்கியோடு வரும் கறுப்புப் பஞ்சு மூச்சுக் காற்றுக்குத்தான் போதும். ஏரிக் காற்றுக்கு நீண்ட இழைகளுள்ள செயற்கை ரோம உறை வேண்டும். கடையில் கிடைக்கவில்லை என்றால் பொம்மை தைக்கும் ரோமத் துணியில் ஒரு துண்டு வாங்கி, இழைகள் வெளியே இருக்கும்படி சிறு பையாகத் தைத்து மாட்டலாம். என்னுடையது அப்படித் தைத்ததுதான். மூன்றாவது ஆடியைப் பார்த்துவிட்டது.

கரகர என்ற உரசல் என்றால் அது காற்று அன்று, சட்டை. மார்பில் மாட்டிய ஒலிவாங்கியின் மேல் மீன்பையின் வார் உரசுகிறது. வாரை மறுதோளுக்கு மாற்றுங்கள், அல்லது ஒலிவாங்கியைத் தொப்பியின் விளிம்புக்கு அடியில் மாட்டுங்கள்.

ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றால் கம்பியில்லா ஒலிவாங்கியின் அலை தடைபடுகிறது. மலிவான கம்பியில்லா ஒலிவாங்கிகள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. மனித உடல் அந்த அலையை விழுங்கிவிடும். கேமரா உங்கள் முதுகுக்குப் பின்னால், ஒலிவாங்கி மார்பில் என்றால் நடுவே நிற்கும் தடை நீங்களேதான். கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள். அதுவும் முடியாத இடத்தில், கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேமராவின் முன் ஒருமுறை உரக்கக் கைதட்டுங்கள். வீட்டில் அந்தக் கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த வழியை நான் இன்றும் விடவில்லை.

ஒலியே இல்லை என்றால் ஒலிவாங்கிக் கம்பியின் நுனியில் இருக்கும் முளையை (பிளக்) பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் முளையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கைபேசிக்கானது. கேமராவுக்கு இரண்டு வளையங்கள் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சரியான முளையைச் செருகி ஆட்டும்போது ஒலி வந்து வந்து போனால் கேமராவின் துளை தளர்ந்துவிட்டது. அது பற்றவைப்பு வேலை. தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஒலியைச் சரிபார்க்க ஹெட்போன் போடுபவர்கள் ஒரு காதை மட்டும் மூடுங்கள். மோர்தானாவுக்கு அப்பால் ஆந்திர எல்லையில் கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. அங்கிருந்து யானைகள் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களுக்குள் இறங்குவது உண்டு. தனியாக இருப்பவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு காட்டோரம் உட்காரக்கூடாது.

முகம் கறுத்துவிடுகிறது, நீர் வெளுத்துவிடுகிறது

நம் நிலம் கிழக்கே சாய்வதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும், நீர் மேற்கே. காலையில் கரையில் நின்று நீரைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். அப்போது கேமராவை முகத்துக்கு எதிரே வைத்தால் அது சூரியனையும் சேர்த்துப் பார்க்கிறது. உங்கள் முகம் நிழலாகிவிடும். காலை வேட்டையில் கேமரா உங்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கட்டும்; உங்கள் தோளும் கழியும் தக்கையும் ஒரே சட்டத்தில் வரும். மாலையில் ஒளி முகத்தில் விழும், முன்பக்கம் வைக்கலாம். இடம் மாற்ற முடியாத போது வெளிச்ச அளவை முகத்தின் மேல் பூட்டி வையுங்கள். தானியங்கி அமைப்பு நீரின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்கும்.

மீன் நீருக்குள் வருவது தெரியவே இல்லை என்றால் லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் கண்ணாடி வேண்டும். மாட்டி மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் நீர்ப்பரப்பின் மினுக்கம் விலகி உள்ளே கிடக்கும் பாசி தெரியும். வெளிச்சத்தையும் அது கொஞ்சம் தின்னும் என்பதால் விடியற்காலையில் கழற்றிவிடுங்கள்.

படம் ஆடுகிறது, வழிகிறது

தலையில் மாட்டிய கேமரா ஆடினால் தலைதான் ஆடுகிறது. தக்கையைப் பார்க்கும் கண் வேறு, தலை வேறு என்பதைப் பார்ப்பவர் வயிற்றைப் புரட்டும் அந்தக் காட்சியில்தான் நாம் கண்டுகொள்கிறோம். மார்பில் மாட்டுவது நிதானமாக இருக்கும். கழியும் ரீலும் கையும் நன்றாக வரும். ஆனால் உட்கார்ந்தால் முழங்காலைத்தான் படமெடுக்கும். நின்று பிடிப்பவருக்கு மார்பு, உட்கார்ந்து பிடிப்பவருக்குத் தொப்பி விளிம்பு என்பது என் தீர்ப்பு.

முக்காலி ஆடினால் கரை மண் இளகியிருக்கிறது. கால்களுக்கு அடியில் தட்டையான கல் வையுங்கள். நடுத்தண்டில் ஒரு பையைத் தொங்கவிட்டு மண்ணை நிரப்புங்கள். முக்காலி மேல் இருக்கும்போது நடுக்க நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விடியலுக்கு முன் எடுத்த காட்சி மட்டும் பேய்போல இழுபட்டால் அதுவும் இந்த வசதியின் வேலைதான். வெளிச்சம் குறைவான நேரத்தில் அது மென்மையாக்குவதற்குப் பதில் குழப்புகிறது.

மங்கல்

எல்லாப் படமும் மங்கலா, சில மட்டுமா? சில மட்டும் என்றால் அநேகமாக மீனின் வழவழப்பு. கெளுத்தியைக் கழற்றிய கையால் லென்ஸைத் தொட்டிருப்பீர்கள். சட்டை நுனியால் துடைத்தால் அது கண்ணாடி முழுக்கப் பரவும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். நீர்புகாக் கேமராவுக்கு மட்டும்தான் இது; மற்றவற்றுக்கு ஈரத்துணியே போதும்.

மீனைக் கேமராவின் அருகே நீட்டும்போது மட்டும் மங்குகிறதா? ஆக்‌ஷன் கேமராக்கள் பலவற்றில் குவியம் நிலையானது. ஒரு முழத்துக்கும் நெருக்கமாகக் கொண்டுபோனால் தெளியாது. கையை மடக்கிச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்.

மார்கழி விடியலில் கண்ணாடிக்கு வெளியே பனிபோல் படர்ந்தால் பத்து நிமிடம் காற்றில் விடுங்கள், போய்விடும். நீர்புகாத பெட்டிக்கு உள்ளே படர்ந்தால், மூடியபோதே உள்ளே ஈரக் காற்று இருந்தது. பெட்டியை வீட்டில் உலர்ந்த அறையிலேயே மூடிக் கொண்டுபோங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு அட்டைத் துண்டு வைக்கலாம். லென்ஸின் உட்பக்கமே மங்கியிருந்தால், அல்லது சிலந்திவலை போன்ற நரம்புகள் தெரிந்தால், அது ஈரமோ பூஞ்சையோ. அதைப் பழுதுபார்ப்பவரால்தான் திறந்து துடைக்க முடியும். தள்ளிப்போட்டால் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போகும் நாட்களில் எடுத்த கேமராவை அப்படியே துணிப்பையில் சுற்றி வைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு கைப்பிடி சிலிகா ஜெல்லும் இதற்குப் போதும்.

ஏரியில் விழுந்துவிட்டது

பதறாதீர்கள். நீந்தத் தெரிந்தாலும் தனியாக இறங்காதீர்கள். ஏரியில் மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கேமராவுக்கு நாலு முழ நைலான் கயிறு கட்டி முக்காலியிலோ இடுப்பிலோ முடிந்திருந்தால் இழுத்துக்கொள்ளலாம். அதோடு மிதவைப் பிடியும் மாட்டுங்கள்.

வெளியே எடுத்ததும், அது பத்து மீட்டர் ஆழம் தாங்கும் ஆக்‌ஷன் கேமராவாக இருந்து கதவு இறுக மூடியிருந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறக்குமுன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ரப்பர் விளிம்பில் மணலோ முடியோ இருக்கிறதா என்று பாருங்கள்; ஒரு மணல் துகள் போதும், அடுத்த முறை நீர் உள்ளே போக. தனிப் பெட்டி என்றால் கேமரா இல்லாமல் உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். தாள் நனைந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

கதவு திறந்திருந்தால், அல்லது நீர்புகாக் கேமரா அல்லாவிட்டால், இயக்கிப் பார்க்கவே கூடாது. எரிகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்க்கும் அந்தச் செயல்தான் பெரும்பாலும் கேமராவைக் கொல்கிறது. பேட்டரியை உடனே கழற்றுங்கள், அட்டையை எடுங்கள், திறக்கக்கூடிய கதவுகளையெல்லாம் திறந்து நிழலில் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது ஈரத்தை எடுப்பதைவிடத் தவிட்டையும் தூசையும் உள்ளே சேர்க்கிறது. முடி உலர்த்தும் கருவியின் சூடு நீரை இன்னும் உள்ளே விரட்டும். ஏரி நீரில் சேறும் உப்பும் இருக்கும். ஒரு நாள் போனால் சுற்றுப்பலகையில் பச்சை பூக்கத் தொடங்கும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: நல்ல தண்ணீரா, சேற்று நீரா என்பது, விழுந்தபின் இயக்கினீர்களா என்பது. இயக்கியிருந்தால் மறைக்காதீர்கள், அவர் முதலில் எந்த இடத்தைத் திறப்பது என்பது அதைப் பொறுத்தது. மதிப்பீட்டுத் தொகை கேமராவின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் பழுதுபார்க்கச் சொல்ல வேண்டாம். முன்பே கழற்றி எடுத்த அட்டைக்குள் இருக்கும் அன்றைய காட்சி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். இரண்டு நாள் உலர்த்திவிட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள்.